ஏணைக் கொளுக்கி

களுவாஞ்சிக்குடி
09.02.2025

அன்புள்ள வீட்டுக்காரிக்கு,

ஊரில் எல்லா ஆம்பிளைகளும் பெண்சாதியை வீட்டுக்காரி என்றுதான் சொல்லுவார்கள். அது சும்மா பேச்சுக்கு. நீ உறுதிப் பத்திரம் வைத்திருக்கிற வீட்டுக்காரி. உன் தாய் உனக்குச் சீதனமாக எழுதித் தந்த மண்டூர் வீட்டிலிருந்து, உடுக்க இரண்டு சாரத்தோடும் ஒரு வேனோடும் வெளிக்கிட்டு வந்த உன் குடியிருப்பாளன் ஆற்றுக்கு இந்தப் பக்கம் அக்கா சுலோஜனாவின் வளவில் சேமமாக இருக்கிறான். கோபம் வந்தால் மற்ற ஊர்களில் பெண்சாதிதான் தாய்வீட்டுக்குப் போவாளாம். நம்மட பக்கத்தில் புருசன்தான் மூட்டை கட்ட வேண்டியிருக்கிறது. ஆர் போட்ட சட்டமோ தெரியாது, ஆனால் அந்த ஆளுக்கு நல்ல பெண்சாதி வாய்த்திருக்கமாட்டாள்.

நான் கடிதம் எழுதுகிறேன் என்று வாத்தியார் கேள்விப்பட்டால் எழும்பி உட்காருவார். நாலாம் வகுப்போடு அவர் என்னை விட்டார், நான் அவரை விட்டேன். ஆனால் கடைசியாக நீதானே சொன்னாய், "போன் எடுக்காதங்க. உங்கட குரல் கேட்டா புள்ள எழும்பி வெளிய போகுது. என்னமும் செல்லுறெண்டா எழுதி விடுங்க" என்று. சரி. எழுதிவிட்டேன். ஆற்றில் ஆளையும் வாகனத்தையும் ஏற்றிக் கடக்கிற மிதவைப் பாதையில் கயிறு கட்டுகிறானே உதயரூபன், அவன் கையில்தான் கொடுத்து விடுகிறேன். சோற்றுப் பருக்கையால் ஒட்டியிருக்கிறேன். பிரிந்திருந்தால் அவன் வாசித்துவிட்டான் என்று விளங்கிக்கொள்.

அக்காவின் கறியில் உப்பு ஒரு நாள் கூடுகிறது, மற்ற நாள் அதற்குப் பரிகாரமாக இல்லவே இல்லை. வேனைத் தென்னைக்குக் கீழே விட்டிருந்தேன். "தேங்காய் விழுந்தா?" என்று அக்கா பதறினாள். எனக்கா வேனுக்கா என்று கேட்டேன். அவள் அண்ணாந்து குலையைப் பார்த்தாள்.

பிள்ளை சாப்பிடுகிறாளா? நித்திரை கொள்கிறாளா? நான் கேட்டதாகச் சொல்லாதே. ஒன்றும் சொல்லாதே. எனக்கு மட்டும் எழுது.

இப்படிக்கு,
இரண்டு சாரக்காரன்
தங்கராசா


மண்டூர்
14.02.2025

மேனுகாவின் அப்பாவுக்கு,

கடிதம் கிடைத்தது. சிரிப்புக் கடிதம். வாசித்துவிட்டு அடுப்புக்குள் வைக்கப் போனேன். பிறகு வைக்கவில்லை.

நீங்கள் எழுதாமல் விட்டதை நான் எழுதுகிறேன். தைப்பொங்கலன்று நம்மட முருகன் கோயில் வாசலில் நின்று நீங்களாகத்தான் சொன்னீர்கள். "புள்ள பெத்து வீட்டுக்கு வாற வரைக்கும் வேன் வளவ விட்டு வெளிக்கிடாது." நான் கேட்கக்கூட இல்லை. மருமகன் நிலோஜன் கத்தாரில் இருக்கிறான், பிள்ளைக்கு நீங்களும் வேனும்தான் என்று நானும் நம்பினேன்.

குடும்பத்துக்கென்று வாங்கிய வேன். எந்த நாள் அது குடும்பத்துக்கு இருந்தது? ஒரு நாள் ஆடு ஏற்றினீர்கள். ஒரு நாள் ஆரோ ஒருத்தியின் கலியாணக் கதிரை. வாசல் கடப்படியில் நின்று "தங்கராசாண்ணே" என்று ஒரு குரல் கேட்டால் போதும், ஆணியில் தொங்குகிற வேன் திறப்பைக் கையில் எடுத்துக்கொண்டுதான் என்ன விசயம் என்று கேட்பீர்கள். அன்றைக்கும் அப்படித்தான். வயல் வட்டையில் வெள்ளாண்மை வெட்ட மெசினோடு வந்த, பேர்கூடத் தெரியாத ஒரு மனிசனைப் புடையன் பாம்பு கடித்துவிட்டது என்றார்கள். அவரை ஏற்றிக்கொண்டு ஆற்றைக் கடந்து ஆசுபத்திரிக்குப் போனீர்கள். அதற்கு நான் குறை சொல்லவில்லை. சாகக் கிடக்கிற மனிசனைப் பார்த்துக்கொண்டு இருக்கச் சொல்ல நான் கல் இல்லை. ஆனால் ஊரில் வேறு வாகனம் இருந்தது. வாக்குக் கொடுத்த வேன் இது ஒன்றுதான்.

நீங்கள் போய் இரண்டு மணித்தியாலத்தில் பிள்ளைக்கு வலி. நாள் இருக்கிறது என்று நினைத்திருந்தோமே. ஓட்டோ பிடித்து ஆற்றங்கரைக்கு வந்தால் பாதை அந்தக் கரையில். வெல்லாவெளிப் பக்கம் றோட்டால் சுற்றினால் இன்னும் சுணங்கும் என்று அங்கேயே நின்றோம். பிள்ளை என் மடியில் தலை வைத்திருந்தாள். அப்போதுதான் பாதை வந்தது. நீங்கள் அதில் வேனுக்குள் இருந்துகொண்டு பாட்டுப் போல ஹோர்ன் அடித்தபடி வந்தீர்கள். பிள்ளை தலையைத் தூக்கி, "அப்பா வாறார்" என்றாள்.

அதற்குப் பிறகு நடந்ததை எழுத என்னால் ஏலாது. அவளை வேனுக்குள் மாற்றி அதே பாதையில் திரும்பக் கிறுகி ஆசுபத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது.

இப்போதும் ஆற்றுப் பக்கம் எந்த வாகனம் ஹோர்ன் அடித்தாலும் காதைப் பொத்துகிறாள். வேனை விற்றுவிடுங்கள். அது விலகினால்தான் நான் உங்களை வரச் சொல்லி அவளிடம் பேசலாம்.

பெட்டிக்குள் இருந்த என் பழைய மஞ்சள் நூல் சேலையைக் காணவில்லை. வேன் துடைக்க எடுத்தீர்களா? மேனுகாவைக் குழந்தையில் ஏணை கட்டி ஆட்டிய சேலை அது.

சீதேவிப்பிள்ளை


களுவாஞ்சிக்குடி
22.02.2025

சீதேவி,

வேன் துடைக்க நான் எடுக்கவில்லை. அது சத்தியம்.

ஹோர்னைப் பற்றி எழுதியிருந்தாய். உனக்கும் பிள்ளைக்கும் மட்டும்தான் அது கேட்கிறது என்று நினைக்காதே. அந்த மனிசன் ஆசுபத்திரியில் கண் திறந்தவுடன் முதலில் என்ன கேட்டான் தெரியுமா? "என்ட செருப்பு எங்க?" என்று கேட்டான். சாவு வாசலுக்குப் போய் வந்தவன் செருப்பைத் தேடுகிறான். அந்தச் சிரிப்பு என் வாயில் இருந்தது. அதைத்தான் ஆற்றில் ஹோர்னாக அடித்துக்கொண்டு வந்தேன். கரையில் ஓட்டோ நின்றதைக் கண்டேன். அதற்குள் ஆர் இருக்கிறார்கள் என்று காணவில்லை.

வாக்கைப் பற்றியும் எழுதியிருந்தாய். அதற்குப் பதில் என்னிடம் இல்லை. தேடிப் பார்த்தேன், இல்லை.

விற்கிறேன். காத்தான்குடியில் சீலை வியாபாரி மஜீட் காக்காவிடம் வேனை வாங்கப் போன நாள் உனக்கு ஞாபகம் இருக்கா? அவர் பின்பக்கம் முழுக்கச் சீலைக் கட்டு ஏற்றி ஊர் ஊராக விற்ற வேன். முன்னுக்கு மூன்று பேர், நடுச்சீட்டில் மூன்று பேர், அதற்குப் பின்னால் கண்ணாடி இல்லாத வெறும் சாமான் இடம். "நெல்லையும் ஏத்தலாம், ஆளையும் ஏத்தலாம், ரெண்டும் ஒண்டுக்கொண்டு கோவிக்காது" என்றார். நீ மூக்கைச் சுளித்தாய். மேனுகா ஓடிப்போய் நடுச்சீட்டில் ஏறிக் கதவை இழுத்துச் சாத்தினாள். பிறகு இறங்கப் பார்த்தால் கதவு உள்ளுக்கிருந்து திறக்கவில்லை. கண்ணாடியில் தட்டுகிறாள். மஜீட் காக்கா கொஞ்சமும் அசையவில்லை. "இது பழுதில்ல தம்பி, பாதுகாப்பு. வழியில புள்ளைகள் திறந்து விழமாட்டாங்க" என்றார். அந்தப் பொய்க்காகத்தான் நான் வாங்கினேன். அன்றிலிருந்து எங்கே போய் இறங்கினாலும் நான்தான் ஓடிவந்து கதவைத் திறக்க வேண்டும். "இறங்குங்க மகாராணி" என்பேன். என் தோளில் கையை ஊன்றி இறங்குவாள்.

பின்பக்கக் கூரையில் ஏணை கட்டக் கொளுக்கி ஒட்டுவித்த நாளும் ஞாபகம் வருகிறது. அவளுக்கு வயிறு தெரியத் தொடங்கியிருந்தது. "வேனுக்குள்ளயா ஏணை? ஆருக்கப்பா உங்களுக்கா?" என்று கேட்டு விழுந்து விழுந்து சிரித்தாள். நீ, "நெல்லு மூட்டைக்குப் பக்கத்துலயா என்ட பேரப்புள்ள?" என்று ஏசினாய்.

இதை ஏன் எழுதினேன் என்று தெரியவில்லை. அழித்தால் தாள் கிழியும். விட்டுவிடுகிறேன்.

தங்கராசா


மண்டூர்
10.03.2025

மேனுகாவின் அப்பாவுக்கு,

சுணங்கி எழுதுகிறேன். பிள்ளைக்குக் காய்ச்சல். குழந்தை இல்லை என்று மார்புக்கு ஆர் சொல்வது? பால் நிற்காமல் வந்து கட்டிக்கொண்டது. பக்கத்து வளவு பிரஷாந்தி தன் பந்தலில் இருந்த மல்லிகையை எல்லாம் பறித்துக் கொண்டுவந்து தந்தாள். அரைத்துக் கட்டினோம். வீடு முழுக்க மல்லிகை வாசம். கலியாண வீடு மாதிரி இருக்கிறதே அம்மா என்றாள் பிள்ளை. அதற்குப் பிறகு நான் மல்லிகையைத் தலையில் வைக்கவில்லை.

நிலோஜன் பின்னேரம் பின்னேரம் போன் எடுக்கிறான். இரண்டு பேரும் பேசுவதில்லை. போனைக் காதில் வைத்துக்கொண்டு இருப்பார்கள். அவன் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் எனக்குக் கேட்கும்.

நீங்கள் விற்கிறேன் என்று எழுதி எத்தனை நாள்? கடைக்கார வினாயகமூர்த்தி அண்ணன் வந்து வேனைப் பார்த்தாராம். அவருக்கு நல்ல விருப்பம். அரிசி மூட்டை அடுக்கும்போது கூரையில் இருக்கிற கொளுக்கி இடிக்கிறது, அதை வெட்டித் தந்தால் அன்றைக்கே எடுப்பேன் என்று சொன்னாராம். நீங்கள் வெட்டமாட்டேன் என்றீர்களாம். அவர் என்னிடம் வந்து, "என்ன தங்கச்சி, அந்தாளுக்கு ஒரு இரும்புத் துண்டில அப்பிடி என்ன பிடிவாதம்?" என்று கேட்கிறார். நான் என்ன சொல்வது?

எனக்கும் தெரியவேண்டும். ஏணை கட்டப் பிள்ளை இல்லை. பிறகு எதற்குக் கொளுக்கி?

சீதேவிப்பிள்ளை


களுவாஞ்சிக்குடி
19.03.2025

அன்புள்ள வீட்டுக்காரிக்கு,

கொளுக்கி வாழைக்குலை தூக்க.

வேன் பார்க்க வருகிறவர்களைப் பற்றி எழுதுகிறேன், நீ கொஞ்சம் சிரி. ஒருவன் அடிப்பக்கம் பார்க்கவேண்டும் என்று வேனுக்குக் கீழே படுத்தான். அக்கா பிளேன்ரீ ஊற்றிக் கொண்டுவந்து பார்த்தால் ஆளின் கால் இரண்டும் அசையவில்லை. பயந்துபோய் இழுத்தோம். நித்திரை. "நிழல் நல்லாயிரிக்கு" என்று சொல்லிவிட்டு எழும்பிப் போனான். இன்னொருவர் கண்ணாடி போட்ட வாத்தியார். "இதில் எத்தனை பேர் இருக்கலாம்?" என்று கேட்டார். சண்டை இல்லாவிட்டால் ஆறு பேர், சண்டை வந்தால் நான் ஒருவன் என்றேன். எழுதிக்கொண்டு போய்விட்டார்.

வேனுக்குள் இன்னும் மஜீட் காக்காவின் புதுச்சீலை வாசம் இருக்கிறது. நெல் ஏற்றினோம், ஆடு ஏற்றினோம், கருவாடுகூட ஏற்றினோம். அந்த வாசம் போகவில்லை.

இஞ்சேயும் வேன் நிற்பதை ஆக்கள் மணந்து பிடித்துவிட்டார்கள். நேற்று ஒரு பெண் வந்து, தகப்பனைக் கண் ஆசுபத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும், வருவீங்களா அண்ணே என்று கேட்டது. "இல்ல மகள், ஏலாது" என்றேன். அது போய்விட்டது. சீதேவி, நான் முதல் முதல் ஒருத்தருக்கு இல்லை என்று சொன்னேன். நீ சந்தோசப்படுவாய் என்று நினைத்தேன். பிறகு அது கிழவனைக் கையில் பிடித்துக்கொண்டு பஸ் தரிப்பில் வெயிலுக்குள் நின்றதைக் கண்டேன். எனக்குச் சோறு இறங்கவில்லை. அக்கா உப்புப் போடாத நாளும் அதுதான், அதனாலும் இருக்கலாம்.

வினாயகமூர்த்தி அண்ணனுக்குச் சொல்லு, வேறு வேன் பார்க்கச் சொல்லி. கொளுக்கியை நான் வெட்டமாட்டேன். இதில் பகிடி இல்லை.

பிள்ளைக்குக் காய்ச்சல் விட்டதா?

தங்கராசா


மண்டூர்
04.05.2025

மேனுகாவின் அப்பாவுக்கு,

உங்கள் கடைசிக் கடிதத்துக்கு நான் பதில் போடவில்லை. கோபத்தில்தான். இரண்டு தரம் நீங்கள் உதயரூபனிடம் மாம்பழம் கொடுத்து விட்டதும் கிடைத்தது. அதையும் நான் சொல்லவில்லை. காய்ச்சல் எப்போதோ விட்டுவிட்டது.

இன்றைக்கு எழுதுவது வேறு விசயம். நேற்றுக் கடப்படியில் ஒரு மோட்டர் சைக்கிள் வந்து நின்றது. ஒரு ஆள், அவர் பெண்சாதி, மடியில் ஒரு சின்னப் பிள்ளை. ஆளுக்கு ஒரு கால் இன்னும் சரியாக ஊன்ற ஏலாது. "தங்கராசாண்ணன்ட வீடு இதுதானே? என்ட பேர் அஸ்பாக். ஓட்டமாவடி. மெசினோட வந்து பாம்பு கடிச்ச ஆள் நான்தான் ராத்தா" என்றார். ஊரெல்லாம் விசாரித்து வந்திருக்கிறார். பெண்சாதி பர்ஸானா, கையில் ஒரு சட்டி தயிரும் ஒரு பை நிறைய முந்திரிகைப் பருப்பும். "அண்ணன் இல்லாட்டி இந்தப் புள்ளைக்கு வாப்பா இல்ல" என்று சொல்லிச் சொல்லி அந்தப் பெண் என் கையை விடவே இல்லை.

அவர்களுக்கு ஒன்றும் தெரியாது. நம்மட வீட்டில் அன்றைக்கு என்ன நடந்தது என்று ஒருவரும் சொல்லவில்லை. நான் என்ன செய்வேன்? பாய் போட்டு இருக்கச் சொன்னேன். தேத்தண்ணி ஊற்றக் குசினிக்குப் போனேன். சீனியைத் தரையில் கொட்டிவிட்டேன். உண்மையைச் சொல்லுகிறேன், அந்த மனிசனின் முகத்தைப் பார்க்க எனக்கு மனம் வரவில்லை.

கிறுகி வந்து பார்த்தால் மேனுகா வெளியே வந்து பாயில் அவர்களுக்கு எதிரே இருக்கிறாள். ஆரோடும் பேசாத பிள்ளை. "கால் நோகுதா?" என்று அவரைக் கேட்டாள். "மழைக்கு மட்டும் நோகும் தங்கச்சி." "எத்தின புள்ளைகள் உங்களுக்கு?" "மூணு. இது கடைசி, இன்ஷிரா." அந்தக் குழந்தை தவண்டு வந்து மேனுகாவின் சட்டை விளிம்பைப் பிடித்தது. அவள் தூக்கவில்லை. தள்ளவும் இல்லை. அது விடும்வரைக்கும் அப்படியே இருந்தாள்.

அவர்கள் போன பிறகு போய்ப் படுத்துவிட்டாள். இன்றைக்கு விடிய எழும்பி வந்து கேட்டாள். "அம்மா, புள்ளைய எங்க வச்சது?"

எனக்குத் தெரியாதே. நான் அவளோடு ஆசுபத்திரியில் இருந்தேன். பிள்ளையை அவர்கள் உங்கள் கையில்தான் தந்தார்கள். எங்கே கொண்டுபோய் எப்படி அடக்கினீர்கள் என்று நான் கேட்கவும் இல்லை, நீங்கள் சொல்லவும் இல்லை. அப்பாவுக்கு மட்டும்தான் தெரியும் என்றேன்.

"அப்ப அவரக் கொண்டுபோய்க் காட்டச் செல்லுங்க" என்றாள். வேனிலேயே வருவாளாம். தனியே வருவாளாம். நான் வந்தால் நான் அழுவேனாம், அவள் என்னைப் பார்க்க வேண்டி வருமாம். ஒரேயொரு நிபந்தனை. நீங்கள் வாய் திறக்கக்கூடாது. போக, வர, ஒரு சொல்லும் பேசக்கூடாது. ஹோர்னும் கூடாது.

உங்களால் ஏலுமா? ஏலாவிட்டால் வரவேண்டாம். பிள்ளை இன்னொரு தரம் கேட்கமாட்டாள்.

சீதேவிப்பிள்ளை


களுவாஞ்சிக்குடி
05.05.2025

சீதேவி,

ஏலும்.

நம்மட கோயிலில் கப்புகனார் வெள்ளைத் துணியால் வாயைக் கட்டிக்கொண்டு பூசை செய்வதைப் பார்த்து, இந்த மனிசன் எப்படித்தான் பேசாமல் இருக்கிறாரோ என்று நான் பகிடி பண்ணுவேன், நீ என் தொடையில் கிள்ளுவாய். இனிப் பகிடி பண்ணமாட்டேன்.

ஹோர்ன் வயரைக் கழற்றிவிட்டேன். கை மறந்து அழுத்தினாலும் சத்தம் வராது. சனிக்கிழமை முதல் பாதையில் வந்து கடப்படியில் நிற்பேன்.

அந்த அஸ்பாக் செருப்புப் போட்டிருந்தானா?

தங்கராசா


களுவாஞ்சிக்குடி
11.05.2025

சீதேவி,

நேற்று நீ வாசலில் நின்று என்னைப் பார்த்தபடி இருந்தாய். என்ன நடந்தது என்று கேட்கிற பார்வை. நான் வாய் கட்டிய ஆள். பிள்ளையை இறக்கிவிட்டு அப்படியே கிறுகி வந்துவிட்டேன். அவள் உனக்குச் சொல்லியிருக்கமாட்டாள். அதனால் எழுதுகிறேன். இந்தக் கடிதத்தில் சிரிப்பு இல்லை, ஆறுதலாக வாசி.

போகும்போது நடுச்சீட்டில் கண்ணாடிப் பக்கம் இருந்தாள். பாதையில் உதயரூபன் என்னைக் கண்டு வாயைத் திறந்தான், பிறகு அவளைக் கண்டு மூடினான். ஆறு கண்ணாடி மாதிரிக் கிடந்தது. நான் றோட்டை மட்டும் பார்த்து ஓட்டினேன். வாய்க்குள் எத்தனை சொல் வந்து முட்டியது என்று உனக்குச் சொன்னால் நம்பமாட்டாய். தண்ணி வேணுமா மகள் என்றுகூடக் கேட்க ஏலாது. போத்தலை எடுத்துப் பின்பக்கம் நீட்டினேன். வாங்கினாள்.

சவக்காலை கடற்கரையோடு இருக்கிறது. வெறும் மணல். ஓரத்தில் ஒரு முந்திரிகை மரம். அதற்குக் கிழக்கே, அலைச் சத்தம் கேட்கிற இடத்தில்தான் வைத்தேன். அடையாளத்துக்கு ஒரு பூவரசம் கம்பு நட்டிருந்தேன். அதை ஆடு தின்றுவிட்டது, மறுகாலும் நட்டேன், அதையும் தின்றது. இப்போது முள் கட்டியிருக்கிறேன். இரண்டு நாளைக்கொருக்கால் நான் போய்ப் பார்ப்பேன். உனக்குச் சொல்லவில்லை.

நான் கையால் காட்டிவிட்டுத் தள்ளிப்போய் நின்றேன். அவள் மணலில் இருந்தாள். அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. கையால் மணலைத் தடவித் தடவிச் சமப்படுத்தினாள். பாயில் படுத்த பிள்ளைக்குச் சீலையைச் சரிப்படுத்துவது மாதிரி. வெயில் ஏறியது. நான் போய் வேன் நிழல் அவளுக்கு விழுகிற மாதிரி வேனைத் தள்ளி நிறுத்தினேன். பார்த்துவிட்டு மறுகாலும் மணலைத் தடவினாள்.

வரும்போது பாதையில், நடு ஆற்றில், என் பின்னுக்கிருந்து குரல் வந்தது.

"எப்பிடிக் கொண்டு வந்தீங்க? மடியில வச்சா?"

நான் வாக்குக் கொடுத்திருந்தேன். ஒரு தரம் வாக்குப் பிழைத்தவன், சீதேவி. வாய் திறக்கவில்லை. வலது கையைத் தூக்கிப் பின்பக்கத்தைக் காட்டினேன். அவள் கிறுகிப் பார்த்தாள். கொளுக்கி தெரிந்தது.

உனக்கும் இப்போதுதான் சொல்லுகிறேன். உன் மஞ்சள் சேலையை நான்தான் எடுத்தேன், பொங்கலுக்கு முன்னமே. தாயை ஆட்டிய சேலையில் பிள்ளையையும் ஆட்ட வேண்டும், பிள்ளை பெற்று ஆசுபத்திரியிலிருந்து வரும்போது ஏணை கட்டின வேனோடு வாசலில் போய் நின்று உங்கள் இரண்டு பேரையும் ஏமாற்ற வேண்டும் என்று ஒரு ஆசை. பின்பக்கம் நெல்லுச் சாக்குக்குள் சுற்றி ஒளித்து வைத்திருந்தேன்.

அன்றைக்கு ஒரு வெள்ளைத் துணியில் சுற்றி என் கையில் தந்தார்கள். பெண்பிள்ளை. முகத்தைப் பார்த்தேன். மேனுகா பிறந்த அன்று இருந்த அதே மூக்கு, நீ சப்பை என்று அழுதாயே, அதே மூக்கு. வேனடிக்கு வந்தால் எங்கே வைப்பது என்று தெரியவில்லை. சீட்டில் வைத்தால் பிரேக் பிடிக்கும்போது உருண்டு விழும். கீழே வைக்க மனம் வரவில்லை, நெல் மூட்டை கிடக்கிற இடம் என்று நீ ஏசினாயே. சேலையை எடுத்துக் கொளுக்கியில் ஏணை கட்டினேன். அதற்குள் வைத்தேன். வைக்கும்போது சுகமாகப் படுத்துக்கொண்டது, சீதேவி. அந்த ஏணையோடுதான் சவக்காலைக்குப் போனது. அந்தச் சேலையைச் சுற்றித்தான் வைத்தேன். இந்த வேனில் அது போன பயணம் அவ்வளவுதான்.

இதெல்லாம் நான் வாயால் சொல்லவில்லை. கொளுக்கியைத்தான் காட்டினேன். அவள் வெகு நேரம் பார்த்தாள். பாதை கரை தட்டப் போகிற நேரம் மெல்லக் கேட்டாள்.

"ஆட்டினீங்களா?"

நான் தலையாட்டினேன். பொய்யில்லை. கிறவல் றோட்டில் மெதுவாகத்தான் ஓட்டினேன். அது தன்பாட்டில் ஆடியது. கண்ணாடிக்குள்ளால் பார்த்துப் பார்த்து ஓட்டினேன்.

நம்மட வளவுக்குள் வந்து வேனை நிற்பாட்டிவிட்டு நான் இறங்கிக் கதவடியில் நின்றேனே, திறக்காமல் மரம் மாதிரி நிற்கிறேன் என்று நீ முகத்தைச் சுளித்தாய். உனக்கு உள்ளே தெரியவில்லை. அவள் சீட்டைத் தாண்டிப் பின்பக்கம் போய், கொளுக்கிக்கு நேர் கீழே இருந்துகொண்டு அழுதாள். இத்தனை மாதத்து அழுகை. உள்ளுக்கிருந்து திறக்காத கதவு. நான் திறந்தால் அவள் அடக்கிக்கொண்டு இறங்கிவிடுவாள். அதனால் கைப்பிடியில் கையை வைத்தபடி நின்றேன். கடைசியில் உள்ளுக்கிருந்து கண்ணாடியில் தட்டினாள். காத்தான்குடியில் தட்டினது மாதிரித்தான். திறந்தேன்.

மகாராணி என்று சொல்ல வாய் வந்தது. சொல்லவில்லை. அவள் என் தோளில் கையை ஊன்றி இறங்கிப் போனாள். அந்தக் கை இன்னும் தோளில் இருக்கிற மாதிரிக் கிடக்கிறது.

கொளுக்கியை ஏன் வெட்டவில்லை என்று கேட்டாய். இதுதான்.

உன் சேலைக்கு நான் கடன்காரன்.

தங்கராசா


மண்டூர்
13.05.2025

இஞ்சேருங்க,

வாசித்தேன். பிள்ளைக்கும் வாசித்துக் காட்டினேன். மூக்கைப் பற்றி எழுதிய இடத்தில் என்னை நிறுத்தி, இன்னொருக்கால் வாசிக்கச் சொன்னாள்.

சேலையை இனித் தேடமாட்டேன். நானே கொடுத்தது மாதிரி இருக்கட்டும்.

வினாயகமூர்த்தி அண்ணனுக்கு வேன் விலைக்கு இல்லை என்று சொல்லிவிட்டேன். கொளுக்கி இருக்கட்டும். அதில் வாழைக்குலை தூக்கக்கூடாது.

வரும்போது எங்கேயாவது கராஜில் காட்டி அந்தக் கதவை உள்ளுக்கிருந்தும் திறக்கிற மாதிரிச் செய்துகொண்டு வாங்க என்று நான் எழுதப் போனேன். பிள்ளை வேண்டாம் என்கிறாள். அது அப்படியே இருக்கட்டுமாம்.

ஹோர்ன் வயரை மட்டும் இப்போதைக்குப் பூட்டவேண்டாம்.

சீதேவி